யாரும் கைவைக்காத 64 எழுத்துகள்

மறையாக்கம் செய்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் தோற்றம் நினைவிருக்கும். முதல் வரியில் ஐந்து சிறு கோடுகள், அடுத்து ‘பிகின் பிஜிபி மெசேஜ்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு, மறுபடி ஐந்து கோடுகள். பிறகு ஒரு வெற்று வரி. அதன்கீழே பெரும்பாலும் வரிக்கு 64 எழுத்து வீதம், பொருளே புரியாத ஆங்கில எழுத்துகளும் எண்களும் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இடையிடையே ஒரு கூட்டல் குறி, ஒரு சாய்கோடு. கடைசிக்கு முந்தைய வரியில் ஒரு சமக்குறியும் நான்கு எழுத்தும். முடிவில் மீண்டும் ஐந்தைந்து கோடுகளுக்கு நடுவே ‘எண்ட் பிஜிபி மெசேஜ்’.

இந்த வடிவத்துக்கு ஆஸ்கி ஆர்மர் என்று பெயர். ஆஸ்கி என்ற குறியீட்டு முறையின் எழுத்துகளால் ஆன கவசம். செய்தியின் ரகசியத்தைக் காப்பது உள்ளே இருக்கும் கணிதம். கவசத்துக்கு வேறு வேலை. அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே எத்தனையோ மென்பொருள்கள் அந்தச் செய்தியை வாங்கி, படித்து, எழுதி, அடுத்த கைக்கு மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றுகூட ஓர் எழுத்தையும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதே கவசத்தின் பணி. ஒற்றுக்கேட்பவரிடமிருந்து தப்பிக்கக் கணிதம் போதும். நல்லெண்ணத்தோடு கைவைக்கும் மென்பொருளிடமிருந்து தப்பிக்கக் கணிதத்தால் ஆகாது. அதற்கு வழியில் உள்ள ஒவ்வொரு கணினியின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கவசம்.

ஏழு பிட் பாதை

மின்னஞ்சல் போகும் பாதைக்கு விதி எழுதியவர் ஜான் போஸ்டல். 1982 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் அந்த விதிகள் இருக்கின்றன. எஸ்எம்டிபி என்று நாம் இன்றும் சொல்வது அதைத்தான். அதன்படி மின்னஞ்சலில் போகக்கூடியவை ஆஸ்கியின் 128 குறிகள் மட்டுமே. 128 குறிக்கு ஏழு பிட் போதும். ஒரு பைட்டில் இருப்பதோ எட்டு பிட். மிஞ்சும் எட்டாவது பிட் எப்போதும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும் என்றது விதி. அந்த இடத்தில் ஒன்று இருந்தால், பல கணினிகள் அதைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத்தான் அடுத்த கணினிக்கு அனுப்பின.

ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவருக்கு இதனால் நஷ்டம் ஏதுமில்லை. மறையாக்கம் செய்த செய்தியோ இதில் அடியோடு சிதைந்துவிடும். நல்ல மறையாக்கத்திலிருந்து வெளிவரும் பைட்டுகள் 0 முதல் 255 வரை எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் பரவிக் கிடக்கும். அப்படிக் கிடப்பதுதான் அதன் பலம். ஆகவே அவற்றில் ஏறக்குறைய பாதியில் எட்டாவது பிட் ஒன்றாக இருக்கும். நூறு பைட் அனுப்பினால் ஐம்பது கெட்டுப்போய்ச் சேரும்.

எட்டாவது பிட்டோடு தொல்லை தீரவில்லை. மீதியுள்ள 128 குறிகளிலும் பலவற்றை ஏதாவதொரு மென்பொருள் தன் சொந்த வேலைக்கு எடுத்துவைத்திருந்தது. வரி முடிந்தது என்பதைக் காட்ட யூனிக்ஸ் இயங்குதளம் 10 என்ற எண்ணை வைத்தது. டாஸ் 13, 10 என்று இரண்டை வைத்தது. பழைய மேகிண்டாஷ் 13 மட்டும் வைத்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோப்பில் இவற்றை மாற்றிக்கொடுப்பது உதவி என்றே எல்லோரும் கருதினார்கள். மறையாக்கச் செய்தியில் தற்செயலாக 10 என்ற பைட் வந்தால் அதற்கு முன்னால் ஒரு 13 நுழைந்துவிடும். டாஸில் 26 என்ற எண்ணைக் கண்டால் கோப்பு முடிந்துவிட்டதென்று சில நிரல்கள் படிப்பதை நிறுத்திவிடும். சி மொழியில் எழுதிய நிரல்கள் பலவற்றுக்கு 0 வந்தால் வாசகம் முடிந்த மாதிரி.

கண்ணுக்குத் தெரியும் குறிகளுக்கும் இதே கதிதான். தனியாக ஒரு புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால் கடிதம் முடிந்தது என்று எஸ்எம்டிபி எடுத்துக்கொள்ளும். யூனிக்ஸ் அஞ்சல் பெட்டியில் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லோடும் ஒரு ஸ்பேஸோடும் தொடங்கும் வரி, புதிய கடிதத்தின் தொடக்கம். உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி அப்படித் தொடங்கினால், குழப்பம் வராதிருக்க அஞ்சல் மென்பொருள் அதற்கு முன்னால் ஓர் அம்புக்குறியைச் சேர்த்துவிடும். ஆயிரம் எழுத்தைத் தாண்டும் வரியை விதியே அனுமதிக்கவில்லை.

இதற்கு மேல் பிட்நெட். 1981-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தொடங்கி உலகெங்கும் பரவிய கல்வி வலைப்பின்னல் அது. அதில் இருந்தவை பெரும்பாலும் ஐபிஎம் பெருங்கணினிகள். அவை பேசிய எழுத்துக் குறியீடு ஆஸ்கி அன்று, எப்சிடிக். எல்லையில் நின்ற கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்து எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். ஆங்கில எழுத்துகளும் எண்களும் பத்திரமாகப் போய்ச் சேரும். சதுர அடைப்பு, வளைவு அடைப்பு, பின்சாய்கோடு, அலைக்கோடு போன்றவை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொன்றாகிவிடும். துளை அட்டைக் காலத்து வழக்கப்படி 80 இடம் கொண்ட வரிகள் வேறு. வரிக்கடைசியில் உள்ள ஸ்பேஸ்கள் போன இடம் தெரியாது.

ஆஸ்கிக்குள்ளேயே நாட்டுக்கொரு வடிவம் இருந்தது. ஜெர்மனியில் வளைவு அடைப்புகள் இருந்த இடத்தில் இரட்டைப்புள்ளி வைத்த உயிரெழுத்துகள் உட்கார்ந்திருந்தன. ஜப்பானில் பின்சாய்கோட்டின் இடத்தில் யென் குறி. பிரிட்டனில் எண் குறியின் இடத்தில் பவுண்டு.

சாதாரணக் கடிதத்தில் ஓர் அடைப்புக்குறி மாறிவிட்டால் படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். மறையாக்கத்தில் ஊகத்துக்கு இடமில்லை. ஒரு பைட் மாறினால் அது சேர்ந்த தொகுதியே குலையும். ஒரு பைட் கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் இடம்மாறிப் போகும். பிஜிபி போன்ற மறையாக்க மென்பொருள்கள் பெரும்பாலும் செய்தியை முதலில் சுருக்கி, பிறகுதான் மறைக்கும். சுருக்கிய தரவில் நடுவே ஒரு பிழை விழுந்தால் அதன்பின் விரிக்க முடியாது. ஒரு குறியின் மாற்றம் ஒரு கடிதத்தின் அழிவு.

ஸ்பேஸில் சறுக்கிய முதல் முயற்சி

வழி இப்படி என்று தெரிந்த பிறகு இரண்டு வேலைகள் சாத்தியம். எல்லாக் கணினிகளையும் திருத்தலாம்; அல்லது எந்தக் கணினியும் தொடாத எழுத்துகளாகத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் எழுதலாம். முதலாவது யார் கையிலும் இல்லை. இரண்டாவதில் இறங்கியவர்களில் முன்னோடி மேரி ஆன் ஹார்ட்டன். 1980-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் எழுதிய நிரல் யூயூஎன்கோட்.

அதன் கணக்கு எளிது. மூன்று பைட் என்பது 24 பிட். அதையே ஆறாறு பிட்டாகப் பிரித்தால் நான்கு துண்டு. ஆறு பிட்டில் 0 முதல் 63 வரை எழுதலாம். ஒவ்வொன்றோடும் 32-ஐக் கூட்டினால் ஆஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் குறிகள் தொடங்கும் பகுதிக்குள் வந்துவிடும். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். கடிதம் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். அந்த விலையைக் கொடுத்தால் எட்டாவது பிட்டின் தொல்லை ஒழிந்தது.

சறுக்கல் இதில்தான்: பூஜ்ஜியத்தோடு 32-ஐக் கூட்டினால் வருவது ஸ்பேஸ். ஸ்பேஸ் வரிக்கடைசியில் வந்தால் பாதி உலகம் அதை வெட்டிவிடும் என்று மேலே பார்த்தோம். பின்னாளில் ஸ்பேஸுக்குப் பதில் இடப்பக்கம் சாய்ந்த ஒற்றை மேற்கோளை வைத்துச் சமாளித்தார்கள். சதுர அடைப்பும் பின்சாய்கோடும் பட்டியலில் இருந்துகொண்டே இருந்தன. எப்சிடிக் ஊருக்குள் போய் வந்தால் அவை திரும்பும்போது அவையாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. யூனிக்ஸுக்கும் யூனிக்ஸுக்கும் இடையே கோப்பு அனுப்ப அந்த நிரல் அருமையாகப் பயன்பட்டது. மறையாக்கச் செய்தி உலகின் எந்தக் கணினிக்கும் போக வேண்டியிருந்தது.

1987: தேர்ந்தெடுத்த எழுத்துகள்

இணையத்தின் தொழில்நுட்பப் போக்கைத் தீர்மானித்த குழு, மின்னஞ்சலில் தனிமையைக் காக்க வழி தேடி ஒரு பணிக்குழுவை அமைத்திருந்தது. அதற்காக ஜான் லின் எழுதிய ஆர்எஃப்சி 989, 1987 பிப்ரவரியில் வெளிவந்தது. பெம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெரும்பகுதி சாவிகளையும் சான்றிதழ்களையும் பற்றியது. எழுத்து வடிவத்தைப் பற்றிய பகுதி சிறியது. காலத்தை வென்றது அந்தச் சிறிய பகுதிதான்.

லின் குறிகளை வரிசையாக அள்ளவில்லை, பொறுக்கினார். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10. ஆக 62. இன்னும் இரண்டு தேவை. கூட்டல் குறியையும் சாய்கோட்டையும் சேர்த்தார். கடைசியில் பைட்டுகள் மூன்றின் மடங்காக அமையாதபோது இடத்தை நிரப்ப ஒரு சமக்குறி. ஸ்பேஸ் இல்லை. புள்ளி இல்லை. அடைப்புகள் இல்லை. மேற்கோள் இல்லை. வரிக்கு 64 எழுத்து. இந்தக் குறிகள் ஆஸ்கியின் எல்லா நாட்டு வடிவங்களிலும் ஒன்றுபோல இருந்தன. எப்சிடிக்கின் எல்லா வடிவங்களிலும் இருந்தன. 128-இல் யாருமே உரிமை கொண்டாடாதவை எவை என்று பார்த்துப் பார்த்து எடுத்த பட்டியல் அது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் அகரத்தை வைத்தே பார்த்துவிடலாம். இன்று கணினியில் ‘அ’ என்று தட்டினால் யூடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட். பிட்டுகளாக எழுதினால் 11100000 10101110 10000101. இதை ஆறாறாகப் பிரித்தால் 111000, 001010, 111010, 000101. அதாவது 56, 10, 58, 5. பட்டியலில் 0 முதல் 25 வரை பெரிய எழுத்து, 26 முதல் 51 வரை சிறிய எழுத்து, 52 முதல் 61 வரை எண்கள், 62 கூட்டல் குறி, 63 சாய்கோடு. எனவே 56 என்பது எண் 4. 10 என்பது பெரிய கே. 58 என்பது எண் 6. 5 என்பது பெரிய எஃப். நான்கே எழுத்தில் அகரம் உலகின் எந்தப் பழைய கணினியையும் தாண்டிப் போய்விடும். தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட் என்பதால் ஒவ்வொன்றும் இப்படிக் கச்சிதமாக நான்கு எழுத்தாகும். இது மறையாக்கம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டியல் ஊரறிந்தது, யாரும் திருப்பிப் படிக்கலாம். மறைப்பது முதலில் நடந்து முடிந்துவிடும். இந்த மாற்றம் பயணத்துக்காக மட்டுமே.

ஐந்து கோடுகள்

அந்தச் சிறு கோடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1985 ஜனவரியில் மார்ஷல் ரோஸும் ஐனார் ஸ்டெஃபரூடும் ஆர்எஃப்சி 934-ஐ எழுதினார்கள். ஒரு கடிதத்துக்குள் இன்னொரு கடிதத்தை வைத்து அனுப்பும் முறை அதில் இருந்தது. சிறு கோட்டோடு தொடங்கும் வரிதான் எல்லை என்று வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் கடிதத்திலேயே அப்படி ஒரு வரி வந்துவிட்டால் அதற்கு முன்னால் ஒரு கோடும் ஒரு ஸ்பேஸும் சேர்க்க வேண்டும். பிரிக்கும்போது எடுத்துவிட வேண்டும். பெம் இந்த முறையை எடுத்துக்கொண்டது. சிறு கோடு 64 எழுத்துப் பட்டியலில் இல்லாததால் செய்தியின் உடலுக்குள் எல்லைக்கோடு தற்செயலாகத் தோன்ற வாய்ப்பே இல்லை.

1991 ஜூனில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபில் ஸிம்மர்மன் பிஜிபியின் முதல் பதிப்பை வெளியிட்டார். அரசு கேட்டால் செய்தியின் மூல வடிவத்தைப் பெற வழி இருக்க வேண்டும் என்று சொன்ன செனட் மசோதா 266 அப்போது பேச்சில் இருந்தது. அது சட்டமாவதற்குள் மறையாக்கம் மக்கள் கையில் போய்ச் சேர வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். 1992 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பில் நியூசிலாந்து, நெதர்லாந்து நாட்டு நிரலாளர்களும் பங்கெடுத்தார்கள். டாஸ், யூனிக்ஸ் என்று பல வகைக் கணினிகளில் ஓடவும், எந்த வலைப்பின்னல் வழியாகவும் போய்ச் சேரவும் வேண்டிய மென்பொருள் அது.

பெம்மின் 64 எழுத்துகளையும் கோடுகளையும் எடுத்துக்கொண்ட பிஜிபி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. கடைசியில் சமக்குறியோடு வரும் அந்த நான்கு எழுத்து. அது 24 பிட் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண். 24 பிட் என்பதால்தான் சரியாக நான்கு எழுத்து. வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் ஒத்துப்போகாது. மறையை அவிழ்க்கத் தொடங்கும் முன்பே, செய்தி பாதையில் அடிபட்டிருக்கிறது என்று மென்பொருள் சொல்லிவிடும். பயனருக்கு இது பெரிய உதவி. சாவி தவறா, செய்தி சிதைந்ததா என்ற குழப்பம் இல்லை. மறுபடி அனுப்பச் சொன்னால் போதும்.

செய்தியை மறைக்காமல், எழுதியவர் இவர்தான் என்று கையொப்பம் மட்டும் இடுவதும் உண்டு. அங்கே செய்தி எல்லோரும் படிக்கும்படி அப்படியே இருக்க வேண்டும். கவசம் போட முடியாது. ஆகவே வழக்கமான ஆபத்துகளுக்கு ஒவ்வொன்றாக ஒப்பந்தம் தேவைப்பட்டது. வரிக்கடைசியில் உள்ள ஸ்பேஸையும் டேபையும் கையொப்பக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அவை காணாமல் போகக்கூடியவை. வரி முடிவை எல்லோரும் 13, 10 என்றே வைத்துக் கணக்கிட வேண்டும். கோட்டோடு தொடங்கும் வரிக்கு முன் ஒரு கோடும் ஸ்பேஸும். இத்தனைக்குப் பிறகும் தப்பாத இடங்கள் உண்டு. தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இடையில் உள்ள மென்பொருள் ஒன்றை மற்றதாக மாற்றினால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கையொப்பம் மட்டும் ‘போலி’ என்று வரும்.

1992 ஜூனில் நத்தானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் எழுதிய மைம் தரநிலை வந்தது. படங்களையும் பிற மொழி எழுத்துகளையும் மின்னஞ்சலில் அனுப்ப வழி திறந்தது அதுதான். அதில் லின்னின் 64 எழுத்துகள் பேஸ்64 என்ற பெயரில் இடம்பெற்றன. மறையாக்கச் செய்திக்காகப் பொறுக்கிய எழுத்துகள் அன்று முதல் உலகின் மின்னஞ்சல் இணைப்புகளையும் சுமக்கத் தொடங்கின.

கணினியை விட்டுக் காகிதத்துக்குப் போனாலும் இந்தக் கவலை பின்தொடர்ந்தது. அமெரிக்கச் சட்டம் அன்று வலுவான மறையாக்க மென்பொருளை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. ஏற்றுமதி செய்யத் தடை. ஸிம்மர்மன் மீது 1993-இல் தொடங்கிய விசாரணை 1996 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. அச்சிட்ட புத்தகத்துக்குத் தடை இல்லை. எனவே பிஜிபியின் மூல நிரல் புத்தகமாகவே அச்சானது. 1997-இல் 5.0 பதிப்பின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை ஐரோப்பாவில் ஸ்கேன் செய்து மீண்டும் நிரலாக்கினார்கள். காகிதத்தில் ஸ்பேஸ் எது, டேப் எது என்று ஸ்கேனருக்குத் தெரியாதே. அதற்காக அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் குறிகளாக அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் கொடுத்திருந்தார்கள். பாதை எதுவானாலும் அதன் பழக்கத்தை முதலில் படி என்ற அதே பாடம்.

புதிய பாதை, புதிய கைகள்

ஏழு பிட் கணினிகள் மறைந்துவிட்டன. எப்சிடிக் எல்லைகளும் பெரும்பாலும் போய்விட்டன. கைவைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இன்றைய எழுத்துச் செயலிகள் இரண்டு சிறு கோடுகளைத் தொடர்ந்து கண்டால் அழகுக்காக ஒரு நீண்ட கோடாக்கிவிடுகின்றன. ஐந்து கோடு இல்லாத முதல் வரியைப் பிஜிபி அடையாளம் காணாது. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் வெற்று வரியில் ‘பிரியாத ஸ்பேஸ்’ என்ற வேறொரு குறி ஒளிந்து வரும். பார்வைக்கு வெற்று வரி. மென்பொருளுக்கு அது வெற்று இல்லை. செய்தி எங்கே தொடங்குகிறது என்றே அதற்குத் தெரியாமல் போகும். அரட்டைச் செயலிகள் நட்சத்திரக் குறியைத் தடித்த எழுத்தாகவும், அடிக்கோட்டைச் சாய்ந்த எழுத்தாகவும் மாற்றுகின்றன. அந்த இரண்டும் 64-இல் இல்லாதது செய்திக்கு நல்லதாகப் போயிற்று.

1987-இல் யாரும் தொடாதிருந்த கூட்டல் குறிக்கும் சாய்கோட்டுக்கும் பின்னாளில் புதிய உரிமையாளர்கள் வந்தார்கள். வலை முகவரியிலும் கோப்புப் பாதையிலும் சாய்கோடு அடைவைப் பிரிக்கும் குறி. வலைப்படிவத்தில் கூட்டல் குறி என்றால் ஸ்பேஸ். மறையாக்கச் செய்தியில் சராசரியாக 32 எழுத்துக்கு ஒன்று இவ்விரண்டில் ஏதாவதொன்றாக இருக்கும். அதாவது 64 எழுத்து வரிக்கு இரண்டு. அதை அப்படியே ஒரு லிங்க்கில் வைத்து அனுப்பினால் கூட்டல் குறிகள் ஸ்பேஸாகி உதிர்ந்துவிடும்.

‘தமிழ்’ என்ற சொல்லையே பாருங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. பேஸ்64-இல் 20 எழுத்து. யூனிகோடில் ஈகாரக் குறி முதல் புள்ளி வரை உள்ளவற்றுக்கு மூன்றாவது எழுத்து எப்போதும் கூட்டல் குறியாகவே அமைகிறது. புள்ளி என்பது எண் 4, பெரிய கே, கூட்டல் குறி, பெரிய என். லிங்க்கில் போய் வந்தால் அந்தக் கூட்டல் குறி போய்விடும். மிஞ்சுவது 19 எழுத்து. தாராளமான மென்பொருள் ‘தமிழ’ என்று காட்டி அருகில் ஓர் உடைந்த குறியை வைக்கும். கண்டிப்பான மென்பொருள் முழுவதையும் நிராகரிக்கும். இதற்காகவே 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4648, வலை முகவரிகளுக்கென்று கூட்டல் குறிக்குப் பதில் சிறு கோட்டையும், சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோட்டையும் வைத்த இன்னொரு பட்டியலை ஏற்றுக்கொண்டது. பாதை மாறினால் பட்டியலும் மாறத்தான் வேண்டும்.

செய்தி சேராமல் போவது ஒரு தீங்கு. ரகசியம் வெளியேறுவது அதைவிடப் பெரிய தீங்கு. குறிகளை அலட்சியமாகக் கையாண்டால் அதுவும் நடக்கும் என்பதை 2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈஃபெயில் என்று பெயரிட்ட அந்தத் தாக்குதலின் ஒரு வகையில் மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. தாக்குபவர் மூன்று பகுதியாக ஒரு மின்னஞ்சல் செய்வார். முதல் பகுதியில் ஒரு படத்தின் வலை முகவரி தொடங்கும். மேற்கோள் குறி திறக்கும், மூடாது. இரண்டாவது பகுதி, முன்பே திருடி வைத்திருந்த மறையாக்கச் செய்தி. மூன்றாவது பகுதியில் மேற்கோள் மூடும். ஆப்பிள் மெயில், தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்களின் அன்றைய பதிப்புகள் நடுப்பகுதியை அவிழ்த்து, மூன்றையும் ஒன்றாக ஒட்டின. அவிழ்ந்த ரகசியம் முழுவதும் படத்தின் முகவரியாகிவிட்டது. படத்தைக் கொண்டுவர மென்பொருள் அந்த முகவரிக்குப் போனது. தாக்குபவரின் சர்வரிடம் ரகசியத்தைத் தானே ஒப்படைத்தது. திறந்தே கிடந்த ஒரு மேற்கோள் குறி கணிதம் அத்தனையையும் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த மாதமே, ஜூனில், சிக்ஸ்பூஃப் என்ற இன்னொரு தாக்குதல் வெளியானது. பிஜிபி செய்திக்குள் மூலக் கோப்பின் பெயரைக் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பெயருக்குள் வரி முறிவையும், ‘கையொப்பம் சரி’ என்று மென்பொருள் சொல்லும் வாசகத்தையும் ஒருவர் வைத்தால் என்னாகும்? பிஜிபி செய்திகளைக் கையாளும் ஜிஎன்யூபிஜி என்ற மென்பொருள் சில அமைப்புகளில் அதை அப்படியே வெளியிட்டது. அதைப் படித்த அஞ்சல் மென்பொருள் உண்மையான கையொப்பம் என்று நம்பியது. கோப்புப் பெயரில் வரும் வரி முறிவை மாற்றி எழுதாமல் விட்டதுதான் குற்றம். 2.2.8 பதிப்பில் திருத்தினார்கள்.

கவசத்தின் இன்றைய நிலை

பெம் திட்டம் மின்னஞ்சலில் நிலைக்கவில்லை. உலகம் முழுவதற்கும் ஒரே சான்றிதழ்ப் படிநிலை என்ற அதன் எதிர்பார்ப்பு நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. அதன் எழுத்து வடிவமோ எங்கும் இருக்கிறது. வங்கி இணையதளத்தின் சான்றிதழை நிர்வாகி சர்வரில் வைக்கும்போது பெரும்பாலும் அது ஐந்து கோடுகளோடு, ‘பிகின் சர்டிஃபிகேட்’ என்ற வரியோடுதான் இருக்கும். பிஜிபி செய்தியின் வடிவத்தை வரையறுக்கும் ஓபன்பிஜிபி தரநிலையாக 2024 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 9580-உம் கவசத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நான்கெழுத்துச் சரிபார்ப்பு வரி மட்டும் இனி அவசியமில்லை என்றாகிவிட்டது. மறையாக்கத்துக்குள்ளேயே இருக்கும் சரிபார்ப்பு அதைவிடப் பல மடங்கு வலுவானது.

இன்றைய அரட்டைச் செயலிகள் தங்கள் பாதையைத் தாங்களே அமைத்துக்கொள்கின்றன. அவற்றுக்குக் கவசம் தேவைப்படுவதில்லை. ஆனால் ஒரு பத்திரிகையாளர், பிறர் தனக்கு மறையாக்கி எழுத உதவும் பொதுச்சாவியைத் தளத்தில் போடும்போது, ஒரு நிர்வாகி சான்றிதழை நகலெடுக்கும்போது, மனித உரிமைக்காக உழைப்பவர் ஒருவர் மின்னஞ்சலில் சாட்சியம் அனுப்பும்போது, செய்தி இன்றும் அந்நிய மென்பொருள்களின் கைகள் வழியாகத்தான் போகிறது. அப்படி அனுப்புகிறவர்கள் சாவியையும் செய்தியையும் கோப்பாக இணைத்து அனுப்புவது நல்லது. நகலெடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் எழுத்துச் செயலி வேண்டாம். அலங்காரம் ஏதும் செய்யாத வெறும் உரைத் திருத்தி போதும்.

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியது இதைவிடப் பெரிது. நம் பொறியாளர்கள் இன்று உலகம் பயன்படுத்தும் மென்பொருள்களை எழுதுகிறார்கள். ஒரு படிவத்தில் வரும் உரையின் ஓரத்து ஸ்பேஸை வெட்டும் வரியையும், கோட்டை நீட்டும் வரியையும், எழுத்தை ‘ஒழுங்குபடுத்தும்’ வரியையும் அவர்கள் அன்றாடம் எழுதுகிறார்கள். எழுதும் முன் ஒரு கேள்வி: இந்த உரை யாருடையது? எழுதியவருடையது என்றால் அதில் ஒரு பைட்டையும் மாற்றாமல் அனுப்ப வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எந்தக் குறிக்கு அடுத்த இடத்தில் என்ன பொருள் என்று தெரிந்து, திரும்பப் பெறும்படி மாற்ற வேண்டும். ஜான் லின்னும் பிஜிபிக்காரர்களும் பிறருடைய மென்பொருளை நம்ப முடியாத காலத்தில் 64 எழுத்துக்குள் ஒதுங்கி வழி கண்டார்கள். நம் மென்பொருள் வழியாகப் போகிறவர் அப்படி ஒதுங்க வேண்டிய தேவையே இல்லாமல் எழுதுவது நம் கடமை.